மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை” என்று நம் ஊர்ப்புறங்களில் ஒரு பழமொழி வழங்கும். முதல்தரமானது கிடைக்காத இடத்தில் இரண்டாந்தரமானதைக் கொண்டாட வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு அதில் தொனிக்கிறது. ஆயினும் இலுப்பைப் பூவில் உண்மையிலேயே இனிப்பு உண்டு. எவ்வளவு இனிப்பு உண்டு, எத்தனை நாளைக்கு அது போதும் என்று அளந்து பார்த்தவனே அதைச் சரியாகப் பயன்படுத்துவான். இவ்வாறு அளக்கும் வகையைக் கிரிக்கெட் ஆட்டத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரிக்கெட் நடைபெறும் மாலைகளில் கற்பனை அணி அமைப்பது மாணவர் விடுதிகளில் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அறியாதவர்களுக்காக ஒரு சொல்: களம் இறங்கப் போகும் இரண்டு அணிகளிலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கியெடுத்து நமக்கென ஓர் அணி அமைக்கிறோம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விலை உண்டு. குறித்த தொகைக்கு மேல் செலவிட இயலாது. நாம் தேர்ந்தவர்கள் களத்தில் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் ஏற்ப நமக்குப் புள்ளிகள் சேரும்.

அமெரிக்கக் கால்பந்தில் இத்தகைய விளையாட்டை 1962-இல் ஓக்லண்ட் நகர அணியோடு தொடர்புடைய சிலர் தொடங்கினர். அந்த ஆட்டத்தில் பந்தை ஏந்திக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுபவரை ‘ரன்னிங் பேக்’ என்பர். மிகுதியாக இடிபடுபவர் அவர். ஆதலால் அடிக்கடி காயப்படுபவரும் அவரே. அவர் விழுந்தால் அடுத்து நிற்பவரின் மதிப்பு என்ன என்பது அந்நாட்டு ரசிகர்களின் தீராத வினா. முதல் ஆட்டக்காரரைத் தேர்ந்தவர் அவருடைய மாற்றாளையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. அத்தகைய மாற்றாளுக்குக் ‘கைவிலங்கு’ என்று அங்கே வேடிக்கைப் பெயர். நம் கிரிக்கெட்டில் அந்த இடத்தில் வேகப்பந்து வீச்சாளர் நிற்கிறார். ஆட்டம் வேறாயினும் வினா ஒன்றே.

மேலே செல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நாம் இங்கே பேசுவது பணம் கட்டாத விளையாட்டையே. தோற்றவர் மற்றவருக்குச் சாயா வாங்கித் தருவதோடு அது முடிந்துவிட வேண்டும்.

நம் வாசலில் நடந்தது

தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தை அடுத்துள்ள கிரீன்ஃபீல்டு மைதானத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று நிகழ்ந்தது. 2022 செப்டம்பர் 28 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இருபது ஓவர் ஆட்டத்தில் மோதின. புவனேஷ்வர் குமாருக்கும் ஹர்திக் பாண்டியாவுக்கும் அத்தொடரில் ஓய்வு அளித்திருந்தனர். ஜஸ்பிரீத் பும்ராவோ முதுகுவலி காரணமாக அன்று ஆடவில்லை. புதுப்பந்து தீபக் சஹாரின் கைக்கும் அர்ஷ்தீப் சிங்கின் கைக்கும் வந்தது.

விளைவு யாரும் எதிர்பாராதது. மூன்று ஓவர் முடிவதற்குள் தென்னாப்பிரிக்கா 9 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்தது. அர்ஷ்தீப் தம் முதல் ஓவரிலேயே மூவரை வீழ்த்தினார்; மற்ற இருவரும் சஹாருக்கு இரையாயினர். தென்னாப்பிரிக்கா எடுத்தது 106. இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பும்ரா இல்லை என்றறிந்ததும் சஹாரைத் தம் கற்பனை அணியில் சேர்த்துக்கொண்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 2 அன்று, குவாஹாட்டியில் அதே இரு அணிகளும் ஆடின. இரண்டு அணிகளுமே இருநூறு ஓட்டங்களைத் தாண்டின. அர்ஷ்தீப் இரண்டு விக்கெட் எடுத்தாலும் 62 ஓட்டங்களைக் கொடுத்தார். சஹாருக்கு ஒரு விக்கெட்டும் இல்லை. காரியவட்டத்தில் கண்டதை நம்பிக் குவாஹாட்டியில் சஹாரைத் தேர்ந்தவர்கள் ஏமாந்தனர். ஆள் அவரேதான், பணியும் அதுவேதான். காரியவட்டத்தில் பந்து காற்றில் வளைந்தது, தரையில் பட்டு விலகியது. குவாஹாட்டிக் களமோ மட்டையாளருக்கு விருந்து வைத்தது. ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு ஒருவரின் மதிப்பை அறுதியிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? நான்கு வினாக்களை வரிசையாகக் கேட்கலாம் என்பது என் கருத்து.

1. காலியான இடம் யாருக்குப் போகிறது?

காயப்பட்டவருக்குப் பதிலாக அணியில் அறிவிக்கப்படுபவர் ஒருவர். அவருடைய வேலை உண்மையில் போய்ச் சேரும் இடம் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றென்று கருதுவதே பலரும் செய்யும் பிழை.

2023-இல் நம் நாட்டில் நடந்த உலகக் கோப்பையை நினைவுகூர்வோம். அக்டோபர் 19 அன்று புனேயில் வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹர்திக் பாண்டியாவின் கணுக்கால் காயமுற்றது. அவர் மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். அப்படிப்பட்ட மற்றொருவர் கையிருப்பில் இல்லை. ஆகவே அணியினர் அவருடைய பணியை இரண்டாகப் பிரித்தனர். மட்டையாட்டத்துக்குச் சூரியகுமார் யாதவ் வந்தார். பந்துவீச்சுக்கு, ஷர்துல் தாக்கூரை நிறுத்திவிட்டு, முகமது ஷமியைக் கொண்டுவந்தனர். முதல் நான்கு ஆட்டங்களிலும் வெளியே அமர்ந்திருந்த ஷமி, தரம்சாலாவில் நியூசிலாந்துக்கு எதிராக 54 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அரையிறுதியில் 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட். அந்த உலகக் கோப்பையில் அவரை மிஞ்சியவர் ஒருவருமில்லை.

நவம்பர் 4 அன்று ஹர்திக் போட்டியிலிருந்து முற்றிலும் விலகினார். அவருக்குப் பதிலாக முறைப்படி அறிவிக்கப்பட்டவர் பிரசித் கிருஷ்ணா. அவர் அப்போட்டியில் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. செய்தித்தாளில் ‘பதிலாக’ என்ற சொல்லுக்கு அருகே எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தவர் பிரசித் கிருஷ்ணாவைத் தேர்ந்திருப்பார்; பணி எங்கே போய்ச் சேர்கிறது என்று சிந்தித்தவரோ ஷமியைத் தேர்ந்திருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்னே நிற்பவர் நலமாயிருந்தால், எத்தகைய திறமைசாலியும் வெளியேதான் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்காரரான சஞ்சு சாம்சன் 2024 இருபது ஓவர் உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றிருந்தார். ரிஷப் பந்த் எல்லா ஆட்டங்களிலும் விக்கெட் காத்தமையால் சாம்சனுக்கு ஓர் ஆட்டமும் வாய்க்கவில்லை. அவர்பால் நமக்குள்ள ஊர்ப்பற்று புள்ளிகளாக மாறாது.

2. கைக்கு எத்தனை பந்துகள் வரும்?

ஆட வருவது வேறு. ஆடுவதற்கு வேண்டிய பந்துகள் கிடைப்பது வேறு. அமெரிக்க ரசிகர்கள் ஒரு ரன்னிங் பேக்கின் வேகத்தை வியப்பதோடு நிற்பதில்லை. ஓர் ஆட்டத்தில் அவர் கைக்குப் பந்து எத்தனை முறை வரும் என்று முதலில் எண்ணுவார்கள். நாமும் அவ்வாறே எண்ணுதல் வேண்டும்.

மேலே சொன்ன சூரியகுமாரையே காண்க. ஷமிக்குக் கதவு திறந்த அதே நாளில் அவருக்கும் திறந்தது. ஆனால் அவருடைய இடம் மட்டையாட்ட வரிசையின் பின்பகுதியில். முன்வரிசையினர் நன்றாக ஆடினால் அவருக்குப் பந்து மிச்சமிராது. அவர்கள் வீழ்ந்தால் இக்கட்டான நிலையில் வர வேண்டும். ஏழு ஆட்டங்களில் அவர் எடுத்தது 106 ஓட்டங்கள். ஒரே காயம், ஒருவருக்கு 24 விக்கெட், மற்றவருக்கு 106 ஓட்டம். பந்துவீச்சாளருக்குப் பத்து ஓவர் என்ற பங்கு இருந்தது. ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வரும் மட்டையாளருக்கு அத்தகைய உறுதி ஏதுமில்லை.

மழையும் இக்கணக்கில் சேரும். நம் மைதானத்தில் நடந்த முதல் பன்னாட்டு ஆட்டம் 2017 நவம்பர் 7 அன்று, நியூசிலாந்துக்கு எதிரானது. மழையால் அது எட்டு ஓவராகச் சுருங்கியது. ஒரு பந்துவீச்சாளருக்கு இரண்டு ஓவருக்கு மேல் இல்லை. பும்ரா அந்த இரண்டு ஓவரில் 9 ஓட்டம் கொடுத்து 2 விக்கெட் எடுத்து ஆட்டநாயகரானார். முதல்தர வீச்சாளருக்கே பந்து பாதியாகக் குறைந்துபோகும் நாளில், மாற்றாளின் மதிப்பு இன்னும் எவ்வளவு குறையும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

3. இடம் எத்தனை நாள் நிலைக்கும்?

தசைப்பிடிப்பு என்றால் சில நாட்கள். எலும்பு முறிவு என்றால் சில மாதங்கள். மாற்றாளின் மதிப்பு காயத்தின் தன்மையோடு கட்டுண்டது.

மிகக் குறுகிய வாழ்வு உடையது தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வரும் இடம். 2019 முதல் பன்னாட்டு விதிகள் இதற்கு இடமளிக்கின்றன. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவருக்குப் பதிலாக இடையில் வந்த யுஸ்வேந்திர சஹல் 25 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகரானார். ஆட்டம் தொடங்குமுன் பதினொருவர் பட்டியலில் இல்லாத ஒருவர் ஆட்டநாயகர்! இத்தகைய மதிப்பை முன்கூட்டி அளக்க இயலாது. அதை எண்ணி அணி அமைப்பதும் அறிவுடைமையாகாது.

அன்று அதே களத்தில் 30 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்த மற்றொருவர் நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்றே ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் அவர். வருண் சக்கரவர்த்தியின் தோள் காயத்தால் இருபது ஓவர் அணியில் பெயர் சேர்ந்தது. நவ்தீப் சைனியின் முதுகுவலியால் ஒருநாள் அணியில் சேர்ந்தது. பின்னர் பலரின் காயங்களால் டெஸ்ட் அணியிலும் இடம் கிடைத்தது. ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான பெருமை அவருக்கு உண்டு. ஆனால் 2021 ஏப்ரலில் அவருடைய முழங்காலில் அறுவை நடந்தது. அதற்கு முன்பு இந்தியாவுக்காக ஆடிய ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்களுக்குப் பின் அவருக்கு அந்த வாய்ப்பு மீண்டும் எளிதில் வரவில்லை. கதவு திறந்திருந்த காலம் ஏறக்குறைய நான்கு மாதம்.

4. திறனும் உடலும் எப்படி?

முதல் மூன்று வினாக்களும் ஆட்டக்காரருக்கு வெளியே உள்ளவை. நான்காவது அவரைப் பற்றியது. இங்கே இரண்டு பிழைகள் நேர்கின்றன. இத்தனை நாள் வெளியே இருந்தவர்தானே என்று திறனைக் குறைத்து மதிப்பது ஒன்று. புதிதாக வந்தவர் புத்துணர்ச்சியோடு இருப்பார் என்று உடலைக் கூடுதலாக மதிப்பது மற்றொன்று.

காரியவட்டத்தில் ஒளிர்ந்த தீபக் சஹார் அவ்வாண்டின் பெரும்பகுதியைக் காயத்திலேயே கழித்தவர். ஆகஸ்டில்தான் திரும்பி வந்திருந்தார். உலகக் கோப்பைக்கான மாற்றுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் பும்ரா அப்போட்டியிலிருந்தே விலகினார் என்ற அறிவிப்பு வந்தபோது, அவ்விடம் சஹாருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் அவருடைய உடலும் ஒத்துழைக்க மறுத்தது. இறுதியில் ஷமி சென்றார். அந்த ஷமியும் 2023 உலகக் கோப்பைக்குப் பின் கணுக்கால் அறுவைக்கு ஆளாகி, ஓராண்டுக்கு மேல் இந்தியாவுக்காக ஆடாமல் இருந்தார்.

ஒருவர் சுமந்த பாரம் அவர் விழுந்ததும் மற்றவர் தோளுக்கு மாறுகிறது. ஆகவே மாற்றாளின் உடல்நிலையை அறியாமல் அவர் மதிப்பைக் கணித்தல், அடித்தளம் பாராமல் மாடி கட்டுவதை ஒக்கும்.

ஒரு சிறு கணக்கு

இவ்வினாக்களை எண்களாக்கிப் பார்ப்போம். இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. ஒரு விக்கெட்டுக்கு 25 புள்ளி என்க. முதல் வீச்சாளர் 20 பந்துக்கு ஒரு விக்கெட் எடுப்பவர். நான்கு ஓவரில் 24 பந்து வீசுவார். ஆகவே எதிர்பார்க்கத் தக்கது 1.2 விக்கெட், அதாவது 30 புள்ளி. அவர் விலை 10 என்றால் ஓர் அலகு விலைக்கு 3 புள்ளி.

மாற்று வீச்சாளர் 24 பந்துக்கு ஒரு விக்கெட் எடுப்பவர், விலை 7. நான்கு ஓவரும் வீசினால் 25 புள்ளி வரும். ஆனால் அவர் களமிறங்கும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்றால், 25-இல் நாற்பது விழுக்காடான 10 புள்ளியே நாம் எதிர்பார்க்க வேண்டியது. அலகுக்கு 1.4 புள்ளி, தேர்வது வீண்.

இப்போது முதல் வீச்சாளர் காயமுற்றார் என்ற செய்தி வருகிறது. மாற்றாள் ஆடுவது உறுதி. நான்கு ஓவர் கிடைத்தால் அலகுக்கு 3.6 புள்ளி, அவர் முதல் வீச்சாளரையே மிஞ்சிவிடுகிறார்! தலைவர் அவருக்கு மூன்று ஓவர்தான் கொடுப்பார் என்றால் 18.75 புள்ளி, அலகுக்கு 2.7, மிஞ்சவில்லை. நான்கு ஓவரும் கிடைக்கிறது, ஆனால் எல்லாரும் அவரை நாடியதால் அடுத்த ஆட்டத்தில் விலை 9 ஆகிவிட்டது என்றால் அலகுக்கு 2.8, அப்போதும் மிஞ்சவில்லை.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது யாது? மாற்றாளின் திறன் தொடக்கம் முதல் இறுதிவரை இம்மியும் மாறவில்லை. மாறியவை வாய்ப்பும், பந்துகளின் எண்ணிக்கையும், விலையுமே. செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் அவர் மலிவு. ஊரெல்லாம் அறிந்த பின் அவர் விலையுயர்ந்த பண்டம்.

பிரிஸ்பேன் தரும் பாடம்

கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் 19 வரை பிரிஸ்பேனில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தை மறக்கவியலாது. ஷமி, உமேஷ் யாதவ், ராகுல், ஜடேஜா, அஸ்வின், பும்ரா, விஹாரி ஆகிய எழுவரும் காயத்தால் இல்லை. பந்து வீச நின்றவர்கள் சிராஜ், சைனி, ஷர்துல் தாக்கூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். ஐவரும் சேர்ந்து அதுவரை ஆடியிருந்த டெஸ்ட்டுகள் நான்கே. அந்நான்கில் ஷர்துலின் ஒரு டெஸ்ட், பத்துப் பந்து வீசியதும் காயத்தோடு முடிந்தது. பிரிஸ்பேனிலும் சைனி நடுவிலேயே காயமுற்றார். எஞ்சிய நால்வரே ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தினர்.

இந்தியா 186 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் இழந்து தத்தளித்தபோது, ஷர்துலும் சென்னைக்காரரான வாஷிங்டனும் சேர்ந்து 123 ஓட்டம் குவித்தனர். ஷர்துல் 67, வாஷிங்டன் 62. முடிவில் 328 என்ற இலக்கை எட்டி இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இதை யார் கணித்திருக்க இயலும்? முழுவதும் கணித்தவர் எவருமிலர். எனினும் ஒரு குறிப்பு நம் கண்ணெதிரே இருந்தது. சுழற்பந்து வீச்சாளராகவே உலகம் அறிந்திருந்த வாஷிங்டன், தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 2017-இல் சதம் அடித்தவர். பெரிய ஆட்டங்களை மட்டும் பார்ப்பவர்க்கு அது தெரிந்திராது. சிறிய ஆட்டங்களையும் ஊன்றிக் கவனித்தவர்க்குத் தெரிந்திருக்கும். மாற்றாளின் மதிப்பை அவர் மாற்றாளாக இருக்கும் காலத்திலேயே அறிந்துவைக்க வேண்டும். காயச் செய்தி வந்த பின்னர் படிக்கத் தொடங்குபவர் காலந்தாழ்ந்தவரே.

முடிவுரை

இடம் யாருக்கு, பந்து எத்தனை, காலம் எவ்வளவு, திறனும் உடலும் எப்படி என்ற நான்கையும் வினவி, பின்னர் விலையோடு ஒப்பிட்டால், மாற்று ஆட்டக்காரரின் மதிப்பை ஓரளவு சரியாகக் கணிக்கலாம். ஒரு நாள் வெற்றியில் மயங்கவும் வேண்டாம்; ஒரு நாள் தோல்வியில் கைவிடவும் வேண்டாம்.

நண்பர்களே, ஒருவர் வலியால் துடித்துக் களத்தில் அமரும்போது, நம் கை உடனே கைப்பேசியை நாடி மாற்றாளைத் தேடுகிறது. அதில் தவறில்லை, விளையாட்டின் இயல்பு அது. ஆயினும் அவ்வெண்களுக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் இருக்கின்றனர். ஒருவருடைய வாழ்வில் கதவு மூடுகிறது. மற்றவருடைய வாழ்வில் திறக்கிறது. திறந்த கதவும் சில திங்களில் மூடிக்கொள்ளலாம் என்பதைச் சின்னப்பம்பட்டி இளைஞரின் வரலாறு காட்டுகிறது.

நம் துறை அணியிலும் பன்னிரண்டாமவர் ஒருவர் உண்டு. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். மட்டைகளை எடுத்து வைப்பார். படம் பிடிக்கும்போது ஓரத்தில் நிற்பார். அடுத்த முறை வலைப்பயிற்சியில் அவர் பந்து வீசுவதைச் சற்று நின்று கவனியுங்கள். ஆலை இல்லாத நாள் எந்த ஊருக்கும் வரும். அன்றைக்கு இலுப்பைப் பூவின் இனிப்பு நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.